மேல்மலையில் முயல் வளர்ப்பு: இணை சேர்ப்பதிலிருந்து குட்டியின் நிறம் அறிவது வரை முழுமையான வழிகாட்டி

"கறுப்புப் பெண் முயலையும் வெள்ளை ஆண் முயலையும் சேர்த்தேன். எல்லாக் குட்டியும் காட்டு முயல் நிறத்தில் வந்திருக்கிறது. எங்கே தப்பு?" கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் முயல் வளர்க்கத் தொடங்கியவர்கள் இப்படிக் கேட்பதுண்டு. தப்பு எதுவும் இல்லை. அந்த வெள்ளை முயலுக்குள் காட்டு நிறம் முழுசாக இருந்திருக்கிறது. வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

முயலின் ரோமத்தில் நாம் பார்க்கிற நிறம் வேறு, அது தன் குட்டிகளுக்குக் கொடுக்கிற நிறம் வேறு. ரோமத்தைப் பார்த்து ஜோடி சேர்க்கிறவர்களுக்கு ஒவ்வொரு ஈற்றும் குழப்பமாகத்தான் இருக்கும். அதன் தாய், தகப்பன், முன் ஈற்றுக் குட்டிகள் என்று குடும்பத்தைப் பார்த்துச் சேர்க்கிறவர்களுக்கு இரண்டு தலைமுறையில் கணக்கு பிடிபட்டுவிடும். அந்தக் கணக்கையும், அதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய வளர்ப்பு முறையையும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: இடமும் கூண்டும்

முயலுக்குப் பிடித்த வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி செல்சியஸ். 30 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் ஆண் முயலின் விந்து கெட்டு, சில வாரங்களுக்குச் சினை பிடிக்காது. வத்தலக்குண்டில் கோடைக்காலத்தில் வளர்ப்பவர்கள் படும் பாடு இதுதான். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி போன்ற மேல்மலை ஊர்களில் அந்தக் கவலை இல்லை. கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு வரைக்கும்கூட நன்றாகவே வளர்க்கலாம்.

மேலே நமக்கு எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மூடுபனியிலும் கொட்டகையைத் தார்ப்பாய் போட்டு முழுக்க மூடிவிடுகிறார்கள். உள்ளே மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா வெளியேற வழியில்லாமல், முயல்களுக்கு மூக்கு ஒழுகித் தும்மல் நோய் பிடிக்கிறது. காற்று வீசும் பக்கத்தை மூடுங்கள், ஆனால் கூரைக்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்கு நாலு பக்கமும் திறந்திருக்கட்டும். முயல் குளிரைத் தாங்கும். ஈரக்காற்றும் நாற்றமும் சேர்ந்தால் தாங்காது.

ஒரு தாய் முயலுக்கு 3 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள கூண்டு தேவை. கூண்டின் தரைக்கு அரை அங்குலத்துக்கு ஒரு அங்குலம் கண்ணுள்ள வெல்டு மெஷ் போடுங்கள். புழுக்கை கீழே விழ வேண்டும், கால் மாட்டிக்கொள்ளக் கூடாது. ஒரு மூலையில் பலகைத் துண்டு ஒன்று கிடந்தால் பாதப்புண் வராது. கூண்டு தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கட்டும். கீரி, காட்டுப்பூனை, மரநாய், தெருநாய் எல்லாம் வரும். சில இடங்களில் சிறுத்தையும் வரும். கொட்டகைக்குப் பூட்டுப் போடுங்கள்.

இரண்டாம் படி: தாய் தகப்பனைத் தேர்ந்தெடுப்பது

மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா என்ற இரண்டு இனங்களை அங்கே பல ஆண்டுகளாகப் பராமரித்து விவசாயிகளுக்கும் கொடுத்து வருகிறார்கள். தொடங்குகிறவர் இப்படிப் பதிவு வைத்திருக்கிற இடத்தில் வாங்குவதே நல்லது. சந்தையில் வாங்கும் முயல் அழகாக இருக்கலாம், ஆனால் அதன் வயது, தாய், தகப்பன், முந்தைய நோய் எதுவும் உங்களுக்குத் தெரியப் போவதில்லை.

வாங்கும்போது முன்பற்கள் நேராகக் கடிக்கின்றனவா, காதுக்குள் பழுப்பு நிறப் பொருக்கு இருக்கிறதா, முன்னங்கால் உள்பக்க ரோமம் ஈரமாக ஒட்டிக்கிடக்கிறதா என்று பாருங்கள். சளி ஒழுகும் முயல் முன்னங்காலால்தான் மூக்கைத் துடைத்துக்கொள்ளும், அதனால் அங்கே தெரிந்துவிடும். கோணல் பல் பரம்பரையாகவும் வரும். எவ்வளவு அரிய நிறமாக இருந்தாலும் அப்படிப்பட்ட முயலைச் சேர்க்கைக்கு எடுக்காதீர்கள்.

பெண் முயலை ஆறு மாதத்துக்குப் பிறகு, மூன்று கிலோ எடை தாண்டியதும் சேர்க்கலாம். ஆணுக்கு ஏழு மாதம் ஆகட்டும். கூடப் பிறந்தவற்றைச் சேர்க்க வேண்டாம்.

மூன்றாம் படி: நிறத்தின் கணக்கு

இதை நிதானமாகப் படியுங்கள். நிறத்தைத் தீர்மானிக்கும் ஒவ்வொரு மரபணுவிலும் குட்டிக்கு இரண்டு பிரதிகள் கிடைக்கின்றன, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. பள்ளியில் படித்த ஓங்கு, ஒடுங்கு பண்புகள்தான். ஓங்கு மரபணு ஒன்று இருந்தாலே வெளியே தெரியும். ஒடுங்கு மரபணு தெரிய வேண்டுமானால் இரண்டு பிரதியும் அதுவாகவே இருக்க வேண்டும். முயலில் ஐந்து வரிசைகள் முக்கியம். ஏ, பி, சி, டி, ஈ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஏ வரிசை ரோமத்தில் பட்டை இருக்கிறதா என்பதைச் சொல்கிறது. முயலின் முதுகு ரோமத்தை வாயால் ஊதிப் பாருங்கள். அடியில் சாம்பல், நடுவில் மஞ்சள், நுனியில் கறுப்பு என வளையம் வளையமாகத் தெரிந்தால் அது அகூட்டி, அதாவது காட்டு நிறம். இதுதான் எல்லாவற்றுக்கும் மேல் ஓங்கி நிற்பது. அடுத்தது, முதுகில் ஒரே நிறமும் வயிற்றில் வெளிர் நிறமும் கொண்ட வகை. கடைசியில் ஒடுங்கியது உடம்பு முழுக்க ஒரே நிறம். முழுக் கறுப்பு முயல் இந்தக் கடைசி வகை.

பி வரிசையில் கறுப்பு ஓங்கு, சாக்லேட் ஒடுங்கு. டி வரிசையில் அடர் நிறம் ஓங்கு, மங்கல் ஒடுங்கு. கறுப்பு மங்கினால் நீலம் என்று சொல்லும் சிலேட் நிறம் வரும், சாக்லேட் மங்கினால் இளஞ்சாம்பல் கலந்த லைலாக். ஈ வரிசையில் கறுப்பு நீளமாகப் படர்வதும், குறைந்துபோய் ஆரஞ்சாகத் தெரிவதும் தீர்மானமாகிறது.

சி வரிசையைத்தான் மேல்மலை வளர்ப்பாளர்கள் மனப்பாடமாகத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நம் இரண்டு முக்கிய இனங்களும் இதில்தான் வேறுபடுகின்றன. இந்த வரிசையில் மேலே முழு நிறம், அதற்குக் கீழே சின்சில்லா, அதற்கும் கீழே இமாலயன், கடைசியில் வெள்ளை. சின்சில்லா மரபணு அகூட்டி ரோமத்திலிருந்து மஞ்சளை எடுத்துவிடுகிறது. அதனால்தான் சோவியத் சின்சில்லாவை ஊதிப் பார்த்தால் மஞ்சள் வளையத்துக்குப் பதிலாக முத்து வெள்ளை வளையம் தெரிகிறது. சிவந்த கண்ணுள்ள வெள்ளை முயலுக்கு வெள்ளை மரபணு இரண்டு பிரதி இருக்கும். அது வந்துவிட்டால் நிறமே உருவாகாது, மற்ற நான்கு வரிசைகளும் என்னவாக இருந்தாலும் தெரியாது. வெள்ளை ஜெயண்ட் தனக்குள் அகூட்டியையோ, நீலத்தையோ, புள்ளியையோ வைத்திருக்கலாம். பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். கறுப்பு முயலிடம் முழு நிற மரபணு இருந்தது, ஆனால் அகூட்டி இல்லை. வெள்ளை முயலிடம் அகூட்டி இருந்தது, ஆனால் நிறம் இல்லை. குட்டிகளுக்கு ஒரு பக்கமிருந்து நிறமும் மறுபக்கமிருந்து அகூட்டியும் கிடைத்தன. காட்டு நிறம் வந்துவிட்டது.

இதைப் பார்த்துவிட்டு, "காட்டு முயல் வந்து சேர்ந்திருக்கும்" என்று சொல்கிறவர்களும் உண்டு. அது நடக்கவே நடக்காது. நம் மலையில் திரியும் கருங்கழுத்து முயல் வேறு பேரினம். அதற்கு 48 குரோமோசோம்கள், வளர்ப்பு முயலுக்கு 44. இரண்டும் கலந்து குட்டி போடாது. காட்டு முயலின் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும், வளர்ப்பு முயலின் குட்டி ரோமமில்லாமல் கண்மூடிப் பிறக்கும். காட்டு முயலைப் பிடிப்பதும் கூண்டில் வைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அந்த ஆசையே வேண்டாம்.

அடுத்து, நம் ஊரில் அதிகம் நடக்கும் சேர்க்கை: வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா. கலப்பில்லாத சின்சில்லாவாக இருந்தால் முதல் தலைமுறைக் குட்டி எல்லாம் சின்சில்லாவாக, சில சற்று வெளிறியும் வரும். ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளை ஒரு பிரதி ஒளிந்திருக்கும். இப்படிப் பிறந்த, உறவில்லாத இரண்டைச் சேர்த்தால் நாலுக்கு மூன்று சின்சில்லா, நாலுக்கு ஒன்று வெள்ளை என்ற விகிதம். இது பல ஈற்றுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது வரும் கணக்கு. ஒரே ஈற்றில் எட்டும் சின்சில்லாவாக இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். சோவியத் சின்சில்லா இனத்தையே சின்சில்லாவோடு வெள்ளை ஜெயண்டைக் கலந்துதான் உருவாக்கினார்கள், ஆகவே நல்ல சின்சில்லா ஜோடியிலும் ஒரு வெள்ளைக் குட்டி எட்டிப்பார்க்க இடமுண்டு.

ஒளிந்திருப்பதை வெளியே கொண்டுவர ஒரு சோதனை இருக்கிறது. உங்கள் கறுப்பு ஆண் முயல் நீலத்தைச் சுமக்கிறதா என்று தெரிய வேண்டுமா? அதை ஒரு நீலப் பெண்ணோடு சேருங்கள். ஒரு நீலக் குட்டி வந்தாலும் போதும், சுமக்கிறது என்பது உறுதி. ஏழு குட்டியும் அடர் நிறமாகவே வந்தால், அது நீலத்தைச் சுமந்தும் தற்செயலாக இப்படி அமைந்திருக்க 128இல் ஒரு வாய்ப்புதான். அந்த அளவு உறுதி போதும்.

சேர்க்கக் கூடாத ஜோடிகள்

வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளிகள் கொண்ட முயலுக்கு நல்ல விலை கிடைக்கும், அதனால் புள்ளியையும் புள்ளியையும் சேர்க்கத் தோன்றும். செய்யாதீர்கள். அந்தப் புள்ளி மரபணு ஒரு பிரதி இருந்தால் அழகான புள்ளி. இரண்டு பிரதி சேர்ந்தால், மூக்கிலும் காதிலும் மட்டும் கொஞ்சம் நிறம் தங்கிய ஏறக்குறைய வெள்ளைக் குட்டி பிறக்கும். அதற்குப் பெருங்குடல் வீங்கிச் செரிமானம் கெடும், பலவும் நோயோடே வாழ்ந்து சீக்கிரம் இறக்கும். நாலில் ஒரு குட்டிக்கு இந்த நிலை. புள்ளி முயலை ஒரே நிற முயலோடு சேருங்கள், பாதிக் குட்டி புள்ளியோடு வரும், நோய்க்குட்டி ஒன்றுகூடப் பிறக்காது.

குள்ள முயலிலும் இதே கதை. குள்ள மரபணு இரண்டு பிரதி கிடைத்த குட்டி, பிறந்த சில நாளில் செத்துவிடும். ஒரு ஜோடியில் நாலில் ஒரு குட்டி சாகும் என்று தெரிந்தே சேர்ப்பது எனக்குச் சம்மதமில்லை. கூண்டில் ஒரு நல்ல நிறம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதற்காக ஓர் உயிரை வேதனைப்பட வைக்க நமக்கு உரிமை கிடையாது.

குளிரும் நிறமும்

மலையில் வளர்ப்பவர்களுக்கு மட்டும் கண்ணெதிரே தெரிகிற ஒரு விஷயம் இது. இமாலயன் மரபணு உள்ள முயலுக்கு, கலிபோர்னியன் இனத்தைப் போல, உடம்பு வெள்ளையாகவும் மூக்கு, காது, பாதம், வால் கறுப்பாகவும் இருக்கும். அதன் உடம்பில் நிறமி தயாரிக்கும் நொதி, சூட்டில் வேலை செய்யாது. உடலின் நடுப்பகுதி சூடாக இருப்பதால் அங்கே நிறம் இல்லை. காது, பாதம் போன்ற குளிர்ந்த ஓரங்களில் நொதி வேலை செய்து கறுப்பாகிறது. முதுகு ரோமத்தை மழித்து அந்த இடத்தில் பனிக்கட்டி கட்டி வைத்தால் அங்கே கறுப்பு ரோமம் முளைப்பதை ஆய்வாளர்கள் செய்தே காட்டியிருக்கிறார்கள்.

மேல்மலையில் டிசம்பர், ஜனவரியில் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழும். அந்த மாதங்களில் பிறந்த கலிபோர்னியன் குட்டிகளின் முதுகில் சாம்பல் பூத்ததுபோல் ஒரு மங்கல் தெரிந்தால், இனம் கலந்துவிட்டது என்று கழித்துவிட வேண்டாம். குட்டிப் பெட்டியில் குளிர் தட்டியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். முதல் ரோமம் உதிர்ந்ததும் வெள்ளையாகிவிடும். குட்டி வெள்ளையாகும் என்று சும்மா இருக்காமல், பெட்டியில் இன்னும் கொஞ்சம் உலர்ந்த புல் போடுங்கள். வளர்ந்த முயலுக்கோ இங்கே காதும் மூக்கும் நல்ல கருமையாக இருக்கும். அதையே திண்டுக்கல்லுக்கு விற்றால், அடுத்த ரோமம் மாறும்போது கறுப்பு வெளிறிப் பழுப்பாகலாம். வாங்குகிறவரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு சண்டை வராது.

வெயிலும் நிறத்தை மாற்றும். உயரத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும், நேரடியாகப் பட்டுக்கொண்டிருந்தால் கறுப்பு ரோமத்தின் நுனி செம்பட்டையாகிவிடும். ஊதிப் பாருங்கள், அடி ரோமம் கறுப்பாகவே இருந்தால் அது வெயிலின் வேலை.

நான்காம் படி: இணை சேர்ப்பது

எப்போதும் பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோங்கள். ஆணைப் பெண்ணின் கூண்டுக்குள் விட்டால், தன் இடத்துக்குள் வந்தவனைக் கடித்துக் குதறிவிடும். காலையோ மாலையோ, குளிர்ந்த நேரம் நல்லது. பெண்ணின் பிறப்புறுப்பு வெளிறியிருந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். சிவந்து, லேசாகத் தடித்திருந்தால் சேர்க்கலாம். ஆண் சேர்ந்து முடித்ததும் ஒரு சின்னச் சத்தத்தோடு பக்கவாட்டில் சரிந்து விழும். அதைப் பார்த்த பிறகு பெண்ணை எடுத்துவிடுங்கள்.

முயலுக்கு மாதாந்திரச் சுழற்சி கிடையாது, சேர்க்கை நடந்த பிறகுதான், சுமார் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் கருமுட்டை வெளிவரும். அதனால் ஆறு முதல் எட்டு மணி நேரம் கழித்து அதே ஆணோடு இன்னொரு முறை சேர்த்தால் குட்டி எண்ணிக்கை கூடும். அதே ஆண் என்பதில் உறுதியாக இருங்கள். வேறொரு ஆணோடு சேர்த்தால் ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்கள் வந்து உங்கள் நிறக் கணக்கு முழுக்கப் பாழாகும்.

12ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் சினை பாருங்கள். முயலை மேசையில் நிற்க வைத்து, அடிவயிற்றை விரல் நுனியால் மெதுவாகத் தடவினால் திராட்சைப் பழம்போல உருண்டைகள் வழுக்கிப்போகும். அழுத்தக் கூடாது. பழக்கமில்லாதவர்கள் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது.

ஐந்தாம் படி: தீவனம்

மேல்மலைத் தோட்டத்தில் கேரட் தழை தாராளமாகக் கிடைக்கும். முந்தின நாளே அறுத்து வாட வைத்துக் கொடுங்கள். பனி படிந்த புல்லும் தழையும் வயிற்றை உப்ப வைக்கும். மருந்து அடித்த தோட்டத்துத் தழை வேண்டவே வேண்டாம். முட்டைக்கோஸ் இலை கொஞ்சமாகப் போதும். உருளைக்கிழங்குச் செடி, தக்காளித் தழை, உண்ணிச்செடி ஆகியவை நஞ்சு. பூண்டுத் தாளும் ஆகாது, பூம்பாறைப் பக்கத்தில் அது மலைபோல் குவிந்து கிடப்பதால் தனியாகச் சொல்கிறேன். வேலிமசால், முயல் மசால், குதிரை மசால் ஆகிய தீவனப் பயிர்களில் ஏதாவது ஒன்றைக் கொட்டகை ஓரத்தில் விதைத்துவிட்டால் ஆண்டு முழுக்கக் கவலையில்லை.

பெரிய முயலுக்கு அடர்தீவனம் ஒரு நாளைக்கு 100 முதல் 150 கிராம். பாலூட்டும் தாய்க்கு 200 கிராமுக்கு மேல். உலர்ந்த புல் எப்போதும் இருக்கட்டும், தண்ணீரும் அப்படியே.

ஆறாம் படி: குட்டி ஈனும் நாள்

சினைக்காலம் 31 நாள், ஒரு நாள் முன்னே பின்னே ஆகலாம். 28ஆம் நாள் குட்டிப் பெட்டியை வையுங்கள். ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் போதும். உள்ளே நெல் வைக்கோலோ உலர்ந்த புல்லோ நிறையப் போடுங்கள். பைன் மரத்தூள் வேண்டாம், அதன் வாடை குட்டிகளுக்கு ஆகாது. சில்வர் ஓக் சீவல் கிடைத்தால் அடியில் பரப்பலாம். தாய் தன் வயிற்று ரோமத்தைப் பிடுங்கிக் கூடு கட்டும். 33 நாள் தாண்டியும் ஈனவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

தாய் குட்டிகளோடு படுத்திருக்காது. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறை, சில நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். பால் கொடுக்கவில்லையே என்று பதறாமல் குட்டியின் வயிற்றைப் பாருங்கள், உருண்டு இறுகியிருந்தால் குடித்திருக்கிறது. உறைபனி நாட்களில் குட்டிப் பெட்டியை இரவில் வீட்டுக்குள் எடுத்துவந்து, விடியற்காலையில் தாயிடம் வைப்பதுதான் பாதுகாப்பு. கொட்டகைக்குள் கரி அடுப்பு மூட்டாதீர்கள், புகை முயலையும் கொல்லும், ஆளையும் கொல்லும். மார்கழிக் காலையில் கம்பித் தரையில் விறைத்துக் கிடக்கும் குட்டியைச் செத்துவிட்டது என்று தூக்கிப்போடும் முன், உள்ளங்கையிலும் வெதுவெதுப்பான துணியிலும் வைத்துச் சூடேற்றிப் பாருங்கள். பல குட்டிகள் பிழைத்து எழும்.

இரண்டு தாய் முயல்களை ஒரே நாளில் ஆணோடு இணை சேர்த்து வைத்தால், ஒன்று நிறைய ஈன்றாலும் மற்றதிடம் பிரித்துக் கொடுக்கலாம். குட்டிகளுக்கு இடையே வயது வித்தியாசம் மூன்று நாளுக்குள் இருக்க வேண்டும். இதில் நிறம் நமக்கு உதவும். வெள்ளை ஆணோடு சேர்ந்த வெள்ளைத் தாயின் குட்டியைச் சின்சில்லா ஆணோடு சேர்ந்த சின்சில்லாத் தாயிடம் விட்டால் எது யாருடையது என்று பெரும்பாலும் பார்த்தவுடனே தெரியும், பதிவு குழம்பாது.

ஏழாம் படி: குட்டியின் நிறத்தைப் படிப்பது

முதல் நாளே தோலைப் பாருங்கள். கறுப்பாகப் போகும் குட்டி உடம்பு முழுக்கக் கருத்திருக்கும். அகூட்டிக் குட்டிக்கு முதுகு கருத்து, வயிறும் காதின் உள்பக்கமும் வெளிர் சிவப்பாக இருக்கும். வெள்ளை முழுக்கச் சிவப்பு. இமாலயனும் பிறக்கும்போது ஏறக்குறைய வெள்ளைதான், காதும் மூக்கும் வாரக்கணக்கில் மெல்லக் கருக்கும். நீலமும் கறுப்பும் முதல் வாரத்தில் ஏமாற்றும், ரோமம் முளைத்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். கண் பத்தாம் நாள் வாக்கில் திறக்கும். கண் நிறத்தையும் எழுதிக்கொள்ளுங்கள், சிவப்பா, பழுப்பா, நீலச் சாம்பலா என்பது பிறகு ரொம்பவே உதவும்.

குட்டி ரோமம் உதிர்ந்து, இடைக்கால ரோமம் வந்து, நாலைந்து மாதத்தில்தான் நிலையான ரோமம் வரும். இனப்பெருக்கத்துக்கான முயலை அதற்கு முன் நிறத்தை வைத்து வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

எட்டாம் படி: பதிவேடும் விற்பனையும்

ஒரு நீளமான கணக்கு நோட்டு போதும். சேர்த்த தேதி, தாய், தகப்பன், ஈன்ற தேதி, உயிரோடு பிறந்தவை, இறந்தவை, ஒவ்வொரு குட்டியின் நிறம், கண் நிறம், பிரித்த நாள் எடை. எதிர்பாராத நிறம் வந்தால் சிவப்பு மையில் எழுதுங்கள். தாய், தகப்பன் இருவரிடமும் எது ஒளிந்திருக்கிறது என்பதற்கு அந்த ஒரு குட்டியே சாட்சி. இறந்த குட்டியின் நிறத்தையும் விடாமல் எழுத வேண்டும், கணக்கு அப்போதுதான் சரியாக வரும். குட்டிகளின் காதில் எண் பச்சை குத்துவது நல்ல வழக்கம்.

ஐந்து, ஆறு வாரத்தில் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கலாம். அந்த வாரம் தீவனத்தை மாற்றாதீர்கள், ரத்தக் கழிச்சல் பெரும்பாலும் அப்போதுதான் வரும். மூன்று மாதத்துக்குள் ஆண், பெண் பிரித்துவிடுங்கள்.

சமவெளிக்கு அனுப்புவதானால் பகலில் அனுப்ப வேண்டாம். இரவில் இறங்கும் வண்டியில், காற்றோட்டமுள்ள பெட்டியில், தண்ணீருக்குப் பதில் ஈரமான கேரட் துண்டு போட்டு அனுப்புங்கள். வாங்கும் இடத்தில் மின்விசிறியும் நிழலும் உண்டா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஏரிப் பக்கம் வரும் சுற்றுலாக்காரர்கள் குழந்தைக்கு விளையாட என்று நிறம் பார்த்துக் கேட்டால் நான் கொடுப்பதில்லை. நன்றாகக் கவனித்தால் எட்டு, பத்து ஆண்டு வாழ்கிற உயிர் அது. கொடுக்கிற ஒவ்வொரு முயலோடும் அதன் தாய், தகப்பன், தாத்தா, பாட்டி நிறம் எழுதிய ஒரு சீட்டையும் கொடுத்து அனுப்புங்கள். வாங்குகிறவர் தன் முதல் ஜோடியைச் சேர்க்கும்போது அந்தச் சீட்டைத்தான் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.